தொடர்புப் போக்குக் கோடு: மக்கள்தொகை, சமத்துவமின்மை ஆய்வுகளில்

தொடர்புப் போக்குக் கோடு என்பது சேர்ந்து மாறும் இரண்டு அளவுகளைத் தாளில் புள்ளிகளாகக் குறித்து, அவற்றின் ஊடே மிகப் பொருத்தமாகச் செல்லும்படி வரையும் நேர்கோடு. சில நூல்கள் இதைப் பின்னடைவுக் கோடு என்று குறிக்கும். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டினால் வரும் தொகை எந்தக் கோட்டுக்கு மிகக் குறைவோ அதுவே தொடர்புப் போக்குக் கோடு. இவ்வழிக்கு மீச்சிறு வர்க்க முறை என்று பெயர். ஓர் அளவு ஓர் அலகு கூடினால் மற்றது சராசரியாக எவ்வளவு மாறும் என்பதைக் கோட்டின் சாய்வு சொல்லும். பிறப்பு விகிதம், குழந்தை இறப்பு, கூலி, எழுத்தறிவு, தலைமுறைக்குத் தலைமுறை கைமாறும் செல்வம் ஆகியவற்றை ஆராய்வோருக்கு நூறாண்டுக்கும் மேலாக இந்தச் சாய்வுதான் முதன்மைக் கருவி.

தோற்றம்

மீச்சிறு வர்க்க முறை வானியலில் பிறந்தது. பிரெஞ்சுக் கணிதர் லெஜாந்தர், வால்மீன்களின் பாதையைக் கணிப்பது குறித்து 1805-இல் எழுதிய நூலின் பின்னிணைப்பில் அதை வெளியிட்டார். 1795 முதலே தாம் இதைக் கையாண்டு வந்ததாக ஜெர்மானியக் கணிதர் கௌஸ் 1809-இல் எழுதினார். அச்சில் முந்தியவர் லெஜாந்தரே என்பதால் பெருமை அவருக்குரியது.

மனிதர்களின் அளவுகளுக்குப் போக்குக் கோட்டை வரைந்து காட்டியவர் இங்கிலாந்தின் பிரான்சிஸ் கால்டன் (1822–1911). சார்லஸ் டார்வினுக்கும் இவருக்கும் பாட்டனார் ஒருவரே, எராஸ்மஸ் டார்வின். கால்டன் 1875-இல் ஸ்வீட் பீ என்னும் பூங்கொடியின் விதைகளைப் பருமன்வாரியாகப் பிரித்து, பொட்டலங்களாகக் கட்டி நண்பர்களுக்கு அனுப்பி விதைக்கச் சொன்னார். பெரிய விதைகளின் வழித்தோன்றல்கள் பெரியவையாகவே இருந்தன. ஆனால் தாய் விதைகள் அளவுக்குப் பெரியவையாக இல்லை. சிறிய விதைகளின் வழித்தோன்றல்களும் அதுபோலவே சராசரியை நோக்கி நகர்ந்திருந்தன.

செடியில் கண்டதை மனிதரிடம் சோதிக்க அவருக்குக் குடும்பக் குறிப்புகள் வேண்டியிருந்தன. 1884-இல் பரிசுப் பணம் அறிவித்து அவற்றைத் திரட்டினார். 205 தம்பதியர், அவர்களின் வளர்ந்த பிள்ளைகள் 928 பேர் ஆகியோரின் உயரங்கள் கிடைத்தன. பெண்களின் உயரத்தை 1.08-ஆல் பெருக்கி ஆண்களின் உயரத்துக்கு ஈடாக்கினார். தாய் தந்தை இருவரின் சராசரியை ஒரே எண்ணாக்கினார். பெற்றோர் சராசரியைவிட மூன்று அங்குலம் உயர்ந்திருந்தால் பிள்ளைகள் ஏறக்குறைய இரண்டு அங்குலமே உயர்ந்திருந்தனர். சாய்வு மூன்றில் இரண்டு. 1886-இல் அச்சேறிய இக்கட்டுரையில் அவர் இட்ட 'பின்னடைவு' என்னும் பெயர், சராசரியை நோக்கிப் பின்வாங்கும் எதுவும் இல்லாத கணக்குகளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மனித இனமே நாளடைவில் ஒரே உயரத்துக்கு வந்துவிடும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கணக்கைத் திருப்பிப் போட்டு, பிள்ளைகளின் உயரத்திலிருந்து பெற்றோரின் உயரத்தைக் கணித்தபோதும் கால்டனுக்குச் சுருக்கமே கிடைத்தது. சாய்வு மூன்றில் ஒன்று. புள்ளிகள் சிதறிக் கிடக்கும்வரை இது நேரும். இதை மறந்தவர்கள் பின்னாளிலும் உண்டு. அமெரிக்கரான ஹோரஸ் செக்ரிஸ்ட், சிறந்த வணிக நிறுவனங்களும் மோசமானவையும் நடுத்தரத்தை நோக்கி நகர்வதாக 1933-இல் ஒரு பெருநூலே எழுதினார். அது கணக்கின் இயல்பேயன்றி வணிகத்தின் இயல்பன்று என்று புள்ளியியலர் ஹோட்டலிங் காட்டிய பின் அந்நூல் எச்சரிக்கைக்கான எடுத்துக்காட்டாக மட்டும் எஞ்சியது.

கால்டனின் ஆர்வம் தூய்மையானதாக இருக்கவில்லை. தகுதியுள்ளவர் பெருக வேண்டும், மற்றவர் குறைய வேண்டும் என்னும் 'இன மேம்பாட்டு'க் கொள்கைக்கு 1883-இல் பெயர் சூட்டியவர் அவரே. சமத்துவமின்மையை அளக்க இன்று பயன்படும் கோடு, சமத்துவமின்மை பிறப்பிலேயே அமைந்தது என்று நிறுவுவதற்காக முதலில் வரையப்பட்டது.

யூல் ஆராய்ந்த வறுமை

சமூகக் கொள்கை ஒன்றைத் தொடர்புப் போக்கால் சோதித்த முதல் பெரிய ஆய்வு புள்ளியியலர் ஜார்ஜ் உட்னி யூல் 1899-இல் வெளியிட்டது. இங்கிலாந்தின் 1834-ஆம் ஆண்டு வறியோர் சட்டத்தின்படி நிவாரணம் இரு வகை. வறியவர் வேலை இல்லத்தில் போய் அடைந்துகிடந்து பெறுவது உள் நிவாரணம். வீட்டிலிருந்தபடியே பெறுவது வெளி நிவாரணம். வெளி நிவாரணம் தாராளமானால் கையேந்துவோர் பெருகுவர் என்பது அதிகாரிகளின் நம்பிக்கை. 1870-களில் அதை வெட்டிச் சுருக்கும் இயக்கமே நடந்தது. லண்டன் வறுமையைத் தெருத்தெருவாக ஆராய்ந்த சார்லஸ் பூத், இரண்டுக்கும் தொடர்பு காண முடியவில்லை என்றார்.

யூல் நிவாரண வட்டாரங்களை நாட்டுப்புறம், கலப்பு, நகரம், பெருநகரம் என்று பிரித்தார். 1871–81, 1881–91 ஆகிய இரு பத்தாண்டுகளில் வறியோர் விகிதம் மாறிய அளவை ஒருபுறமும், வெளி நிவாரண விகிதம், முதியோர் பங்கு, மக்கள்தொகை ஆகியவை மாறிய அளவை மறுபுறமும் வைத்துப் பன்மாறிச் சமன்பாடு அமைத்தார். முதல் பத்தாண்டில் பெருநகர வட்டாரங்களுக்கு வெளி நிவாரணத்தின் கெழு (மற்றவை மாறாதபோது அதற்குரிய சாய்வு) 0.755. முதியோர் பங்குக்குக் கிடைத்த கெழு பூச்சியத்தை ஒட்டியது. வறியோர் குறைந்ததற்குப் பெருமளவு வெளி நிவாரணம் குறைக்கப்பட்டதே காரணம் என்று முடிவுகட்டினார். அதே கட்டுரையின் அடிக்குறிப்பு ஒன்றில், கண்டிப்பாகப் பேசினால் 'காரணம்' என்பதை 'தொடர்பு' என்றே வாசிக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு வரியும் சேர்த்தார். கட்டுரை ஒன்று சொல்ல அடிக்குறிப்பு வேறொன்று சொல்லும் இவ்வழக்கம் அன்றிலிருந்து இத்துறையில் நிலைத்துவிட்டது.

நிர்வாகத் திறமை என்னும் அளக்கப்படாத காரணி விடுபட்டிருப்பதைப் பொருளியலர் பிகூ சுட்டினார். அதைவிட அடிப்படையான குறை ஒன்று உண்டு. அக்காலப் புள்ளிவிவரத்தில் 'வறியவர்' என்றாலே நிவாரணம் பெறுபவர் என்றுதான் பொருள். நிவாரணத்தை நிறுத்தினால் வறியவர் எண்ணிக்கை தாளில் குறையாமல் என்ன செய்யும்? பட்டினி குறைந்ததா என்பதை அந்தச் சமன்பாடு கேட்கவே இல்லை. பூத்தின் பக்கமே நியாயம் கூடுதல்.

மக்கள்தொகைக் கணிப்பு

ஆண்டைக் கிடையிலும் மக்கள்தொகையை நிமிர்விலும் வைத்துக் கோடிழுப்பது எளிது. அதை நீட்டுவதில்தான் ஆபத்து. அமெரிக்காவின் 1790 முதல் 1880 வரையிலான கணக்கெடுப்புகளுக்கு மூன்றாம் படி வளைவு ஒன்றை மீச்சிறு வர்க்க முறையில் பொருத்தினார் பிரிட்செட் (1891). அண்மை ஆண்டுகளுக்கு நன்றாகவே பொருந்திய அவ்வளைவு 2900-ஆம் ஆண்டுக்குச் சுமார் 4,000 கோடி அமெரிக்கர்களைக் காட்டியது. இதற்கு மாற்றாக ஓர் உச்சவரம்பை நெருங்கிப் படுத்துவிடும் வளைவைப் பியர்லும் ரீடும் 1920-இல் முன்வைத்து, வரம்பு 19.7 கோடி என்றனர். 1967-இலேயே அமெரிக்கா 20 கோடியைத் தாண்டியது.

தமிழ்நாட்டு எண்களைக் கொண்டும் இதைச் செய்து பார்க்கலாம். 1951 முதல் 2001 வரை ஆறு கணக்கெடுப்புகளில் மாநில மக்கள்தொகை முறையே 3.01, 3.37, 4.12, 4.84, 5.59, 6.24 கோடி. இவற்றுக்குப் பொருந்தும் கோட்டின் சாய்வு பத்தாண்டுக்கு 67 லட்சம். அதை 2011-க்கு நீட்டினால் 6.88 கோடி வருகிறது. எண்ணிக் கண்டதோ 7.21 கோடி. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2005–06) மாநிலக் கருவள விகிதம் (ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள்) 1.8-க்கு இறங்கிவிட்ட காலத்தில் இவ்வளவு கூடியது என்பது கவனிக்கத்தக்கது. கோட்டுக்குத் தெரிந்ததெல்லாம் ஆறு புள்ளிகள். வயது அமைப்போ வெளிமாநிலத்தார் வருகையோ அதற்குத் தெரியாது. ஆகவே மக்கள்தொகையியலர் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வை வயதுவாரியாகத் தனித்தனியே கணித்துக் கூட்டுகின்றனர். போக்குக் கோட்டை அந்தந்த விகிதங்களுக்கு மட்டுமே பயன்படுத்துகின்றனர்.

சமத்துவமின்மை

வட்டாரப் புள்ளிகளைக் கொண்டு தனிமனிதரைப் பற்றிப் பேசக் கூடாது என்பதை ராபின்சன் 1950-இல் நிறுவினார். 1930-ஆம் ஆண்டு அமெரிக்கக் கணக்கெடுப்பில், வெளிநாட்டில் பிறந்தவர் மிகுந்த மாநிலங்களில் எழுத்தறியாமை குறைவு. இரண்டும் சேர்ந்து மாறும் நெருக்கத்தை −1 முதல் +1 வரை காட்டும் ஒட்டுறவுக் கெழு −0.526. ஆள்வாரியாகப் பார்த்தால் +0.118: வெளிநாட்டில் பிறந்தவரிடையே எழுத்தறியாமை சற்று அதிகம். குடியேறியவர்கள் எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் போய்த் தங்கியதே இந்த மாயத்துக்குக் காரணம்.

இந்தியாவில் முர்த்தி, கியோ, திரேஸ் ஆகியோர் 1981 கணக்கெடுப்பிலிருந்து 14 மாநிலங்களின் 296 மாவட்டங்களை எடுத்து 1995-இல் வெளியிட்ட ஆய்வு பெரிதும் மேற்கோள் காட்டப்படுவது. பெண் எழுத்தறிவு கூடிய மாவட்டங்களில் கருவளமும் குழந்தை இறப்பும் குறைந்திருந்தன. பொதுவான வளர்ச்சிக் குறியீடுகளுக்கு அவ்வளவு வலு இல்லை. வளர்ச்சி வந்தால் குடும்பம் தானே சிறுக்கும் என்ற வாதம் இத்துடன் பலவீனப்பட்டது.

தந்தையின் வருமானத்துக்கும் மகனின் வருமானத்துக்கும் கோடிழுத்தால் சாய்வு பூச்சியத்தை நெருங்கும் நாட்டில் பிறப்பு வாழ்வைத் தீர்மானிப்பதில்லை. ஒன்றை நெருங்கினால் ஏணியே இல்லை. அமெரிக்காவுக்கு இது 0.2 அளவே என்று நம்பியிருந்தனர். ஓராண்டு வருமானத்தை வைத்துக் கணித்ததால் அது குறைத்துக் காட்டுகிறது, உண்மையில் 0.4 அல்லது அதற்கும் மேல் என்று சோலன் 1992-இல் காட்டினார். செட்டி குழுவினர் (2014) வரிப் பதிவேடுகளைக் கொண்டு கணித்ததில், வருமான வரிசையில் பெற்றோர் 10 படி மேலிருந்தால் பிள்ளைகள் சராசரியாக 3.4 படி மேலிருந்தனர். ஆண் பெண் கூலி வேறுபாட்டில் கல்வி, அனுபவம் முதலியவற்றால் விளக்கக் கூடிய பகுதியைப் பிரித்தெடுக்கும் முறையை ஒஹாக்காவும் பிளைண்டரும் 1973-இல் தனித்தனியே வகுத்தனர். விளங்காமல் எஞ்சுவதைப் பாகுபாடு என்று எடுத்துக்கொள்வது வழக்கம்.

இன்றைய நிலை

கணினி மென்பொருள்களால் இக்கணக்கு இப்போது நொடியில் முடிகிறது. காரணத்தைத் தனித்தறியப் பல நுட்பங்கள் சேர்ந்துள்ளன. இந்தியாவில் 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்துவந்த கணக்கெடுப்பு 2021-இல் நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் எண்கள் வரும்வரை மாவட்ட மக்கள்தொகைக் கோடுகள் அனைத்துக்கும் எண்ணிக் கண்ட கடைசிப் புள்ளி 2011-ஆம் ஆண்டினதே.