அசித்ரோமைசின் கிருமியை மட்டும்தான் கொல்லுமா? நோய் எதிர்ப்பு செல்களை என்ன செய்கிறது?

சளி, தொண்டை வலி என்றாலே பலரும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் மாத்திரை அசித்ரோமைசின். இது மேக்ரோலைடு வகை ஆன்டிபயாடிக். எரித்ரோமைசினும் இதே குடும்பம்தான். பாக்டீரியா தனக்கு வேண்டிய புரதத்தை தயாரிக்க விடாமல் தடுப்பதுதான் இவற்றின் முக்கிய வேலை. ஆனா, நம்ம நோய் எதிர்ப்பு செல்களையும் இவை மாற்றுகின்றன. எப்படின்னு பார்க்கலாம்.

ஜப்பானில் கிடைத்த துப்பு

நுரையீரலின் நுண்ணிய காற்றுக்குழாய்கள் வீங்கி, சளி கட்டும் நோய் டிஃப்யூஸ் பான்பிராங்கியோலைட்டிஸ். 1970-களில் ஜப்பானில் இந்நோய் வந்தவர்களில் சுமார் 63 சதவீதம் பேரே 5 ஆண்டுகளைத் தாண்டினர். 1980-களில் மருத்துவர் ஷோஜி குடோ குழுவினர் குறைந்த அளவு எரித்ரோமைசினை நீண்ட நாட்கள் கொடுத்தனர். இந்த சிகிச்சை பரவிய பிறகு, 1985-90 காலகட்டத்தில் அந்த எண்ணிக்கை 91 சதவீதமானது.

நுரையீரலில் குடியேறிய சூடோமோனாஸ் பாக்டீரியாவை அந்த டோஸ் கொல்லாது. இருந்தும் நோயாளிகள் தேறினர். அப்போ வேறு என்ன நடந்தது?

செல்லுக்குள் என்ன நடக்கிறது?

நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் கிருமியைத் தாக்க ஓடிவருபவை. அளவுக்கு மீறி குவிந்தால் நம் திசுவையே அரிக்கும். அவற்றை அழைக்கும் ரசாயன சிக்னல் ஐஎல்-8. அதன் உற்பத்தியைத் தூண்டும் ஸ்விட்ச்களில் ஒன்று என்எஃப்-கப்பா பி. மேக்ரோலைடுகள் இந்த ஸ்விட்சை அடக்குகின்றன. சிக்னல் குறைகிறது, நியூட்ரோஃபில் கூட்டமும் சளி சுரப்பும் குறைகின்றன.

எல்லா வீக்கத்துக்கும் உதவுமா?

இல்லை. கொரோனா காலத்தில் இதே நம்பிக்கையில் அசித்ரோமைசின் தரப்பட்டது. பிரிட்டனின் ரெகவரி ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த 7,700-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்தபோது பலன் இல்லை. மருந்து எடுத்தவர், எடுக்காதவர் என இரு தரப்பிலும் இறப்பு 22 சதவீதம்தான்.

ஆனால் சிஓபிடி நுரையீரல் நோயாளிகளுக்கு நிலைமை வேறு. 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 1,142 பேர் பங்கேற்றனர். ஓராண்டு தினமும் 250 மி.கி. அசித்ரோமைசின் எடுத்தவர்களுக்கு நோய் திடீரென தீவிரமாவது குறைந்தது. அதே சமயம், கேட்கும் திறன் குறைவதும் அவர்களிடம் சற்று அதிகமாக இருந்தது.

கவனிக்க வேண்டியது

இதயத்துடிப்பு சீர்கெடுவது, பாக்டீரியா மருந்துக்கு பழகிவிடுவது ஆகிய ஆபத்துகளும் உண்டு. சாதாரண சளி வைரஸால் வருவது; அதற்கு இந்த மாத்திரை கேட்காது. 'வீக்கத்தையும் குறைக்குமாமே' என்று நீங்களே வாங்கிப் போடாதீங்க. எந்த நோய்க்கு, எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.