மானிப்பாயில் பிறந்து புரோட்மூரில் வாசித்தவர்

வில்லியம் செஸ்டர் மைனர் 1834இல் மானிப்பாயில் பிறந்தவர். தகப்பன் அங்கே அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தில் வேலை பார்த்தவர். எனக்கும் அதுதான் ஊர். இங்கிலாந்தில் பூட்டிய மனநல வோர்டில் தாதியாக இருக்கிறேன். நோயாளிகளை ஆய்வில் பங்காளிகளாக்கும் பேச்சு வந்தால் எனக்கு இந்த ஊர்க்காரரின் நினைவுதான் முதலில் வரும்.

அமெரிக்க இராணுவ மருத்துவராக இருந்த மைனர், இரவில் ஆட்கள் அறைக்குள் புகுந்து தன்னை வதைப்பதாக நம்பினார். அந்த நம்பிக்கையில் 1872 பெப்ரவரியில் லண்டன் லாம்பெத்தில், வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஜோர்ஜ் மெரெட் என்ற தொழிலாளியைச் சுட்டுக் கொன்றார். மெரெட்டின் பெயரை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லக்கூடாது. நீதிமன்றம் மைனரைப் புரோட்மூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பியது. மெரெட்டின் மனைவி எலைசா பின்னர் அங்கே வந்து அவரைப் பார்த்தார்; புத்தகங்களும் கொண்டுவந்து கொடுத்தார்.

1879இல் ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதியின் ஆசிரியரான ஜேம்ஸ் மரே, பழைய நூல்களிலிருந்து மேற்கோள் எடுத்து அனுப்பும்படி வாசகர்களைக் கேட்டார். மற்றவர்கள் வாசிக்க வாசிக்கக் கண்டதை அனுப்பினார்கள். மைனர் செய்தது வேறு. ஒவ்வொரு நூலுக்கும் தாள் மடித்து, பொடி எழுத்தில், சொல்லையும் பக்க எண்ணையும் அகரவரிசையில் குறித்து வைத்தார். இப்போது எந்தச் சொல்லில் நிற்கிறீர்கள் என்று மரேயிடம் கேட்டு எழுதுவார். பதில் வந்ததும் அந்தச் சொல்லுக்கான மேற்கோள்கள் கிழமைக்குக் கிழமை போகும். ஏறக்குறைய இருபது வருடம் இது நடந்தது.

1891இல் புரோட்மூருக்கு நேரே போனபோதுதான் மைனர் நோயாளி என்பது மரேக்குத் தெரிந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அது பிழை, மரேக்கு முன்பே தெரியும். தெரிந்தும் வேலையைத் தொடர்ந்து கொடுத்தார் என்பதுதான் எனக்குப் பெரிது. நோய் மாறவில்லை. இரவுப் பயம் இருந்துகொண்டே இருந்தது. 1902இல் தன்னையே கொடூரமாக வெட்டிக்கொண்டார். 1910இல், உள்துறை அமைச்சராக இருந்த சேர்ச்சில் அவரை அமெரிக்காவுக்கு அனுப்ப உத்தரவிட்டார்.

அகராதி வேலை பாதியில் இருக்கும்போதே மைனர் கேட்டார், பதிலும் வந்தது. எங்களிடம் அப்படி இல்லை. எங்கள் வோர்டுக்கு நித்திரை பற்றி ஆராய வந்தவர்களிடம் ஒரு நோயாளி கேட்டார்: “மணிக்கொருதரம் கதவுத் துவாரத்தால் டோர்ச் அடிக்கிறீங்கள், நான் எழும்பிவிடுறன். அதைப் பற்றி இதில ஒரு கேள்வியும் இல்லையே?” நல்ல கருத்து என்று குறித்துக்கொண்டார்கள். கேள்வித்தாள் அதற்கு முன்பே அச்சாகியிருந்தது.