பால்மரம் வெட்டிய கைகள்



மலாயாவின் இரப்பர்த் தோட்ட வரலாறு என்றால் மரங்களின் எண்ணிக்கையும் இரப்பர் விலையும் நினைவுக்கு வருகின்றன. மரத்தை வெட்டிய கையின் திறன் பெரும்பாலும் பேசப்படுவதில்லை. ஆதலால் கையிலிருந்தே தொடங்குகிறேன்.

முழங்கை முதல் மணிக்கட்டு வரையுள்ள பகுதியே முன்கை. அதில் ஏறத்தாழ 20 தசைகள் உள்ளன. உட்புறத் தசைகள் மணிக்கட்டையும் விரல்களையும் மடக்குகின்றன. வெளிப்புறத் தசைகள் நீட்டுகின்றன. வேறு சில தசைகள் முன்கையின் ஈரெலும்புகளுள் ஒன்றை மற்றொன்றின்மீது சுழற்றி உள்ளங்கையைத் திருப்புகின்றன. ஒரு கருவியை இறுகப் பற்றும்போது மடக்கும் தசைகள் மட்டுமே உழைத்தால் மணிக்கட்டும் சேர்ந்து மடங்கிவிடும். அதனை நிலைநிறுத்துபவை நீட்டும் தசைகளே. ஒரு பிடிக்கு இரு பக்கத்து உழைப்பும் வேண்டும்.

இனி, பால்வெட்டுக்கு வருவோம். மரத்தைக் கொல்லாமல், பழைய வெட்டின் ஓரத்தையே மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையைச் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி 1890களில் ஆய்ந்து பரப்பினார். அம்முறையில் ஒரு தடவை சீவும் பட்டை ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர்தான். மரத்தை வளரச் செய்யும் மெல்லிய படலத்தை ஒட்டியே பால்குழாய்கள் மிகுந்துள்ளன. கத்தி ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்தால் மரத்தில் புண் விழும். இந்த நுண்ணளவை அளவுகோல் இன்றி, விடியற்காலை மங்கிய ஒளியில், நூற்றுக்கணக்கான மரங்களில் காத்தவை நம் முன்னோரின் முன்கைத் தசைகள். ஆண்களுக்கு நிகராகப் பெண்களும் இவ்வேலையைச் செய்தனர்.

இத்தகைய கைவினைஞரைக் 'கூலி' என்னும் ஒரே சொல்லில் அடக்கினர்.

அச்சொல்லுக்குக் கிள்ளான் மண் 1941இல் விடை கூறியது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச்.நாதன் முதலியோர் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தில், சீனத் தொழிலாளர்க்கு நிகரான ஊதியம் கேட்டனர். துரைமாரைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கவேண்டும் என்ற வழக்கம் ஒழியவேண்டும் என்றனர்; கள்ளுக்கடைகளை மூடவும் பிள்ளைகளுக்கு முறையான கல்வி தரவும் கோரினர். மே மாதம் நாதன் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. படையினர் சுட்டதில் தொழிலாளர் சிலர் மாண்டனர்.

அக்கோரிக்கைகளுள் கல்வியும் இருந்தது என்பதை ஆசிரியன் என்ற முறையில் நான் மறக்கவியலாது. கிள்ளான் பள்ளத்தாக்கின் பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்வெட்டிய முதியோர் சிலர் இன்னும் நம் வீடுகளில் வாழ்கின்றனர். கத்தியை எப்படிப் பிடித்தார்கள், எவ்வளவு ஆழம் வெட்டினார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுதிவருமாறு என் மாணவர்களிடம் கூறிவருகிறேன். நீங்களும் கேளுங்கள். அந்தக் கைகள் இருக்கும்போதே அவ்வரலாற்றை எழுதிவிட வேண்டும்.