தூரிகை முலாமும் கருவித் தேர்வும்: மலாக்காக் கைவினை வரலாற்றுக்கு ஒரு குறிப்பு

மலாக்கா நகரின் ஜாலான் துக்காங் எமாஸ் என்னும் பெயர், மலாய் மொழியில் பொற்கொல்லர் தெரு எனப் பொருள்படும். மலாக்காச் செட்டிகள் 1781இல் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயமும் இத்தெருவிலேயே உள்ளது. தெருப்பெயரையும் கோயிலின் ஆண்டையும் பதிவு செய்யும் நாம், தொழிற்கருவிகளைப் பெரிதும் கருதுவதில்லை.

பொன்னைப் பாதரசத்தில் கலந்து பூசித் தீயிலிடும் பண்டைய முறையில் எழுந்த ஆவி, கைவினைஞரின் உடலைக் கெடுத்தது. 1840இல் பர்மிங்காமில் எல்கிங்டன் குடும்பத்தார் காப்புரிமை பெற்ற மின்முலாம் அதனைப் படிப்படியாக விலக்கியது. எனினும் பொன் கரைசல்கள் பலவற்றில் சயனைடு உண்டு. நச்சு முற்றிலும் நீங்கவில்லை.

தொட்டியில் அமிழ்த்த இயலாத பெரிய திருவாசி போன்றவற்றிற்குத் தூரிகை முறை பொருந்தும். இங்குத் தூரிகை என்பது துணியோ பஞ்சோ சுற்றிய நேர்மின்வாயாகும். அகன்ற பரப்பிற்கு அகன்ற கிராஃபைட்டுக் கட்டை ஏற்றது. நுண்ணிய பள்ளங்களில் மெல்லிய கிராஃபைட்டு முறிந்துவிடும் என்பதால் பிளாட்டினம் பூசிய முனை வேண்டும். சுற்றிய துணி தேய்ந்தால் மின்வாய் உலோகத்தைத் தொட்டுக் கருக்கிவிடும். ஒரு கரைசலில் தோய்ந்த துணியை மற்றொன்றில் தோய்த்தலாகாது. துப்புரவு செய்யும் கம்பித்தூரிகையின் கீறலும் முலாமின் மேல் புலப்படும்.

ஆதலின் கருவித் தேர்வே இத்தொழிலறிவின் உட்கூறு. முலாமிட்ட பொருள் கோயிலில் எஞ்சும். தேய்ந்த துணி எறியப்படும். மலாக்காவின் நகரங்களிலும் தோட்டங்களிலும் களஆய்வு செய்யும் மாணவர், கைவினைஞரிடம் பொருளின் வயதோடு கருவியின் காரணத்தையும் கேட்டு எழுதுதல் வேண்டும்.