பொறுப்பாளர் மாறிய செய்தி

குழந்தைகளைப் பேணும் ஓர் இல்லத்தின் தலைவி மாறினால் அதனை அரசாங்கத்துக்கு எழுதி அறிவித்தல் வேண்டும் என்பது கேட்பதற்கு மிகச் சிறிய காரியம். ஒரு தாள், ஒரு கையொப்பம், ஒரு தபால் உறை; அவ்வளவே. ஆயினும் அந்தத் தாளுக்குப் பின்னே நூற்றைம்பது ஆண்டுச் சரித்திரம் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர், களனி கங்கைக்கு அணித்தே உள்ள ஓர் இல்லத்திலிருந்து ஒரு சிறுவனை எமது பாடசாலையிற் சேர்த்தார்கள். ஒரு நாள் விளையாட்டு மைதானத்தில் விழுந்து அவன் கையை முறித்துக்கொண்டான். சத்திர சிகிச்சைக்குப் பாதுகாவலரின் சம்மதம் வேண்டும் என்றனர் வைத்தியர். எமது இடாப்பில் இருந்த பெயருக்குரிய அம்மையாரைத் தேடினோம். அவர் இல்லத்தை விட்டு விலகி இரண்டு வருடமாயிற்று! புதிதாய் வந்தவரின் பெயரோ எந்தப் பதிவிலும் இல்லை. பொழுது சாயும் வரை அந்தப் பிள்ளை கட்டிலிற் கிடந்து அழுதான். அன்றுதொட்டே இவ்விடயத்தின் வரலாற்றைத் தேடலானேன்.

இதன் ஆரம்பம் இங்கிலாந்திலே கொடூரமானது. கூலிக்குக் கைக்குழந்தைகளை ஏற்று வளர்ப்பதாகச் சொல்லி அவற்றைச் சாகவிட்ட மார்கரெட் வாட்டர்ஸ் என்பவள் 1870 இல் தூக்கிலிடப்பட்டாள். இரண்டு ஆண்டு கழித்து, 1872 இல் ஒரு சட்டம் பிறந்தது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஒன்றுக்கு மேற்பட்டோரைக் கூலிக்கு வளர்ப்போர் தம் பெயரையும் வீட்டையும் பதிதல் வேண்டும் என்றது அது. ஆனால் பெயரையும் ஊரையும் மாற்றிக்கொண்டே திரிபவளைப் பதிவேடு என்ன செய்யும்? அமீலியா டயர் அப்படித்தான் திரிந்தாள்; 1896 இல் அவளும் தூக்கு மேடை ஏறினாள். மறு ஆண்டு வந்த சட்டம் ஒரு படி மேலே சென்றது. குழந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறினால், யாரிடம் மாறியது என்பதை 48 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும் என விதித்தது. வீட்டை மாத்திரம் அறிந்தாற் போதாது, வீட்டினுள்ளே இருக்கும் ஆளை அறிதல் வேண்டும் என்பதை அரசு இவ்வாறு மிக்க விலை கொடுத்தே கற்றுக்கொண்டது.

நம் நாட்டிலே இந்தக் கருத்து முதலில் பாடசாலை வாயிலாகவே வேரூன்றியது. உதவி நன்கொடை பெற்ற ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு மனேஜர் இருந்தார். வித்தியா பகுதி அவரோடுதான் கடிதத் தொடர்பு வைத்தது. கணக்குக்கும் ஆசிரியர் நியமனத்துக்கும் அவரே பதில் சொல்பவர். கிழக்கிலங்கையில் இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளை நடத்திய விபுலாநந்த அடிகள் 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராய்ச் சென்றார். பெரியவர் கடல் கடந்தார் என்று பாடசாலைக் காரியம் காத்திருக்குமா? சம்பளப் பட்டியலில் ஒப்பமிட ஒருவர் வேண்டுமே! மனிதர் எத்துணை உயர்ந்தவராயினும், அவர் இருந்த ஆசனத்துக்கு அடுத்தவர் பெயர் ஏட்டில் ஏறித்தான் ஆகவேண்டும்.

பின்னர் வந்தது 1934, 1935 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளை நோய். கேகாலை, குருநாகல் பகுதிகளைப் பாழாக்கி ஏறத்தாழ 80,000 உயிர்களைக் குடித்த அந்நோய், பெற்றோரை இழந்த பிள்ளைகளைப் பெருக்கிற்று. அந்தத் தசாப்தத்தின் முடிவில், 1939 இல், சிறுவர் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. 1941 இல் 22 ஆம் இலக்க அனாதை இல்லக் கட்டளைச் சட்டம் வந்தது. இதன்படி அனாதை இல்லங்கள் பதியப்படவும் அதிகாரிகளாற் பரிசோதிக்கப்படவும் வேண்டும். 1956 இல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகளுக்கெனத் தனித் திணைக்களம் அமைந்தது.

பொறுப்பாளர் மாற்றம் என்பது எத்துணைப் பெரிய சங்கதி என்பதை 1960 டிசம்பர் முதலாந் திகதி நாடு கண்டது. அவ்வாண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால், உதவி நன்கொடைப் பாடசாலைகளுக்கு வித்தியாதிபதி ஒருவரே மனேஜர் ஆனார். கத்தோலிக்கப் பெற்றோர் பலர் பாடசாலைகளுள் இரவு பகலாய்க் குடியிருந்து எதிர்த்தனர். அந்த வழக்கின் நியாய அநியாயத்தை இங்கே தீர்க்க நான் துணியேன். அவர்கள் மனத்தில் இருந்த கேள்வியை மாத்திரம் சொல்வேன்: எம் பிள்ளைகளுக்கு இனி யார் பொறுப்பு?

1987 இல் அரசியல் யாப்பின் பதின்மூன்றாந் திருத்தத்தால் சிறுவர் பராமரிப்பு மாகாண சபைகளின் பொறுப்பிற் சேர்ந்தது. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் கொழும்பு மாவட்டம், களனி கம்பஹா மாவட்டம். எனினும் மூன்றும் மேல் மாகாணமே. 1998 இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைச் சட்டம் வந்தது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை அடித்தபின், அனாதையான பிள்ளைகள் யார் கையில் இருக்கிறார்கள் என்பதே முதற் கேள்வியாயிற்று. 2005 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் அப்பிள்ளைகளின் பாதுகாவல் பற்றி விசேட ஏற்பாடு செய்தது.

இல்லங்கள் ஒருபுறமிருக்க, இன்று வெள்ளவத்தையின் மாடிவீடுகளிடையே பகற் பராமரிப்பு நிலையங்களும் பல. காலையில் தாய் அங்கே குழந்தையை விட்டு அலுவலகம் போகிறாள். அவள் நம்பி விடுவது பெயர்ப்பலகையை அன்று, அறிந்த ஒரு முகத்தையே. அந்த முகம் மாறியதைத் தாய் உடனே அறிவாள். அதிகாரியோ எழுதினாலன்றி அறியார். இல்லத்துப் பிள்ளைக்கோ வாயிலிலே நின்று முகம் பார்க்கத் தாயும் இல்லை. ஆகையால் அவனுக்கு அந்தக் கடிதம் இன்னும் அவசியம்.

பாடசாலைகளிலே சம்பவத் திரட்டு என்றொரு தடித்த புத்தகம் உண்டு. போகும் அதிபர், ‘இன்று ஒப்படைத்தேன்’ என்று எழுதி ஒப்பமிடுவார். வருபவர் அதன் கீழே, ‘இன்று ஏற்றேன்’ என்று எழுதுவார். இடையில் ஒரு நாளும் வெறுமையாய் இராது. கை முறிந்த அந்தச் சிறுவனின் காரியத்துக்குப் பின், இல்லங்களிலிருந்து வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் தவணை தொடங்கும்போது ஒரு கடிதம் எழுதுகிறேன்: “இப்போது பொறுப்பாய் இருப்பவர் யார்? அவர் பெயர் திணைக்களத்துக்கு அறிவிக்கப்பட்டதா?” சிலர் உடனே பதில் எழுதுகிறார்கள். எழுதாத இடத்துக்கு நானே நேரிற் போகிறேன்.