அப்பா காலத்துக் கறிக் கணக்கு

காலை நடைக்கு வரும் என் வயதுக்காரர்களிடம் ஆட்டுக்கறியைக் கொஞ்சம் குறைக்கலாமே என்று சொல்லிப் பாருங்கள். உடனே பதில் வரும். "எங்க அப்பா கடைசி வரைக்கும் கறி சாப்பிட்டவர். தொண்ணூறு வயசு இருந்தார். ஒரு மாத்திரை போட்டதில்லை." புதுக்கோட்டைச் சீமையில் இதைச் சொல்லாத வீடு குறைவு. அது பொய்யும் அல்ல. ஆனால் அந்த அப்பா வருஷத்தில் எத்தனை நாள் கறி சாப்பிட்டார் என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். முப்பத்து நாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்குக் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியாது.

முதலில் சொற்களைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். பிரெஞ்சில் இறைச்சிக்கு 'வியாந்த்' என்று பெயர். அதன் லத்தீன் மூலத்துக்கு 'உயிர் வாழத் தேவையானவை' என்று பொருள். பழைய பிரெஞ்சில் எல்லா உணவும் வியாந்த்தான்; பிற்பாடுதான் அது இறைச்சிக்கு மட்டும் என்று சுருங்கியது. நம் மொழியில் ஊண் என்றால் உணவு, ஊன் என்றால் தசை; சுழியில்தான் வித்தியாசம். 'கறி' சங்க காலத்தில் மிளகைக் குறித்தது. பிறகு தொடுகறி, காய்கறி. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் பையோடு "கறி எடுக்கப் போறேன்" என்றால், கத்தரிக்காய் வாங்கப் போகிறார் என்று யாரும் நினைக்க மாட்டோம்.

சாப்பிடலாமா கூடாதா என்ற விவாதம் நம் மாவட்டத்துக்குப் புதிதல்ல. சித்தன்னவாசல் மலையில் ஏழடிப்பட்டம் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: குகைக்குள் வழவழப்பாகச் செதுக்கிய கல் படுக்கைகள். ஒன்றின் பக்கத்தில் தமிழ் பிராமி எழுத்து. ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய சமண முனிவர்கள் படுத்த இடம். இறைச்சி என்ன, எறும்புக்குக்கூடத் தீங்கு செய்யக் கூடாது என்று இருந்தவர்கள். அறிவர் கோயிலின் கூரையில் தாமரைக் குளத்தை வரைந்தது அதற்கு எத்தனையோ நூற்றாண்டுக்குப் பின். அந்தக் குளத்தில் மீனும் அன்னமும் யானையும் எருமையும் இருக்கின்றன; ஆட்கள் தாமரை பறிக்கிறார்கள். மீன் பிடிப்பவர் யாருமில்லை.

அந்தப் பக்கம், பொன்னமராவதிக்கு அப்பால் பிரான்மலை. பாரியின் பறம்பு அதுதான் என்பார்கள். பாரி இறந்த பிறகு அவன் பெண்களை அழைத்துக்கொண்டு மலையை விட்டு இறங்கும் கபிலர், அந்த வீட்டில் கள் சாடி திறந்ததையும் கிடா வெட்டியதையும் அள்ள அள்ளக் குறையாத ஊன்சோற்றையும் நினைத்து அழுகிறார் (புறநானூறு 113). இன்னொரு பாட்டில், சேர அரசன் 'உம் கை இவ்வளவு மென்மையாக இருக்கிறதே' என்று வியந்தபோது, கறியும் சோறும் தின்பதைத் தவிர வேறு வேலை அறியாத கை என்று பதில் சொல்கிறார். கபிலர் அந்தணர் என்பதையும் நினைவில் வையுங்கள். சமணர் குகையும் பாரியின் பந்தியும் பேருந்தில் ஒரு நாளில் பார்த்துத் திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கின்றன.

வள்ளுவர் புலால் மறுத்தலை 26ஆம் அதிகாரமாக வைத்தார். அது துறவறவியலில் வருவதால் குடும்பஸ்தனைக் கட்டுப்படுத்தாது என்று வாதாடும் நண்பர்கள் எனக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் குரல் சற்று ஓங்கும்.

ஆவூரையும் விடக் கூடாது. விராலிமலைப் பக்கத்து ஆவூரில் 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் கோயில் கட்டியவர் புஷே என்ற பிரெஞ்சுப் பாதிரியார். அவருடைய கடிதங்கள், 1702 முதல் பாரிஸில் தொகுதி தொகுதியாக வெளியான ஏசு சபைக் கடிதங்களில் இருக்கின்றன. அந்த மதுரை மிஷனில் 1606இல் வந்த தெ நொபிலி வகுத்த வழக்கம் ஒன்று உண்டு. காவி உடை, இறைச்சி, மீன், முட்டை, மது எதுவும் கிடையாது. சாப்பாட்டில் பெருமை கொண்ட தேசத்திலிருந்து வந்தவர்கள் சோறும் கீரையும் மோரும் சாப்பிட்டுக் காலம் கழித்தார்கள். கறி தின்பவரைத் துறவி என்று இந்த ஊர் ஏற்காது என்பதே காரணம். அப்படிச் சொன்ன ஊர் கறி தின்னாத ஊரும் அல்ல. துறவிக்கு ஒரு கணக்கு, நமக்கு ஒரு கணக்கு.

சட்டமும் ஒரு முறை குறுக்கே வந்தது. சமஸ்தானம் 1948 மார்ச் 3இல் இந்தியாவோடு இணைந்து நாம் திருச்சி ஜில்லா ஆகிவிட்டோம். 1950இல் சென்னை மாகாணத்தில் கோயில்களில் ஆடு, கோழி பலியிடத் தடைச் சட்டம் வந்தது. அது பாட்டுக்கு ஏட்டில் இருந்தது. கிடா வெட்டு பாட்டுக்கு நடந்தது. 2003இல் அதைக் கண்டிப்பாக நிறைவேற்ற அரசு உத்தரவிட்டபோதுதான் அப்படி ஒரு சட்டம் இருப்பதே பல கிராமங்களுக்குத் தெரிந்தது. அடுத்த வருஷமே சட்டத்தையே நீக்கிவிட்டார்கள். குலதெய்வத்தின் கிடாவோடு மோத எந்த அரசுக்கும் தெம்பு இல்லை.

இனி கணக்கு. 1974 ஜனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது. அந்தச் சமயத்தில்தான் நான் இங்கே வேலைக்கு வந்தேன். என் மனைவி கல்யாணமான நாளிலிருந்து வீட்டுக் கணக்கு எழுதுபவள். பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தேன். 1979ஆம் வருஷ நோட்டில் 'கறி' என்ற வார்த்தை பதினோரு இடத்தில் வருகிறது. தீபாவளி, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், ஆடி, என் மைத்துனன் மாப்பிள்ளையாக வந்த இரண்டு நாள், இப்படி. அதோடு அழைப்பின் பேரில் போன கிடா வெட்டு, காதுகுத்து எல்லாம் சேர்த்தால் பதினைந்து நாள் இருக்கும். 2019 நோட்டில் எண்ணினேன். எழுபத்து மூன்று. வெளியில் சாப்பிட்ட பிரியாணி அந்த நோட்டில் ஏறாது.

அளவையும் பாருங்கள். அப்போது கிராமத்தில் தீபாவளிக்குப் பத்துக் குடும்பம் சேர்ந்து ஓர் ஆட்டை வாங்கி, விடியற்காலையில் அறுத்து, தென்னங்கீற்றில் கூறு போடுவார்கள். தொடை ஒரு பக்கம், எலும்பு ஒரு பக்கம் என்று போகாது. ஒவ்வொரு கூறிலும் எல்லாமும் கொஞ்சம் கொஞ்சம் இருக்க வேண்டும். கூறுக்கு ஒரு கிலோ தேறினால் அதிர்ஷ்டம். வீட்டில் எட்டுப் பேர். எலும்பைக் கழித்தால் தலைக்கு எண்பது கிராம், தொண்ணூறு கிராம். மிச்சம் பிடித்தவர்கள் உப்பும் மஞ்சளும் தடவி நூலில் கோத்து வெயிலில் காயப் போட்டு உப்புக்கண்டம் ஆக்குவார்கள். மழைக்காலத்தில் இரண்டு துண்டு போட்டால் ஒரு சட்டிக் குழம்பு மணக்கும்.

ஏன் அப்படி என்றால், ஆடு அன்றைக்குச் சாப்பாடு அல்ல, சேமிப்பு. மானம் பார்த்த பூமி இது. கண்மாய் பெருகாத வருஷத்தில் பள்ளிக்கூடச் செலவுக்கோ வைத்தியத்துக்கோ வீட்டுப் பெண்கள் வளர்த்த ஆடுதான் வெள்ளிக்கிழமை சந்தைப்பேட்டைக்கு நடக்கும். சேமிப்பை யாராவது வாரா வாரம் சமைத்துத் தின்பார்களா? மற்ற நாட்களில் கேழ்வரகும் வரகும் கம்பங்கூழும். ஏர் பின்னால் நடந்த நடை வேறு.

ஆக, தொண்ணூறு வயதுவரை இருந்த அப்பாவின் கதை கறிக்குச் சாதகமான சாட்சி அல்ல. பதினைந்து நாள் கறிக்கும் முந்நூற்றைம்பது நாள் கூழுக்குமான சாட்சி. தவிர, தொண்ணூறைத் தொட்டவரைத்தான் நாம் எடுத்துச் சொல்கிறோம். ஐம்பதில் 'நெஞ்சை அடைக்குது' என்று உட்கார்ந்தபடியே போன சித்தப்பாவைச் சொல்வதில்லை. சுதந்திரம் வந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயது. குழந்தைச் சாவு அதில் பெரும்பங்கு என்றாலும், எல்லாரும் தொண்ணூறு வாழ்ந்த பொற்காலம் எதுவும் இருக்கவில்லை.

இப்போது எப்படி மாறியது என்பதற்கு ஆடியில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் போய்ப் பார்த்தால் போதும். மொய் விருந்து. வீட்டுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை வைப்பது. செலவு குறையட்டும் என்று பல பேர் சேர்ந்து ஒரே பந்தலில் வைக்கிறார்கள். பணம் எண்ண இயந்திரம், மொய் எழுத வரிசையாக மேஜைகள், பந்தியில் ஆட்டுக்கறிக் குழம்பு. வட்டியில்லாக் கடன் முறையாக அதை நான் மதிக்கிறேன். கிணறு வெட்டியவர்கள், பிள்ளையை இன்ஜினியரிங் படிக்க வைத்தவர்கள் உண்டு. 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையை எல்லாம் சாய்த்த பிறகு மொய் வரவு சுருங்கியதையும் பார்த்தோம். ஆனால் சீசனில் நாலு பத்திரிகை வந்தால் ஒரே வாரத்தில் நாலு பந்தி. 'இலையில் வைத்ததை மிச்சம் வைக்காதீங்கண்ணே' என்று இன்னொரு கரண்டி. என் இலைக்கு ஒரே வேளையில் வந்தது 1979இல் ஒரு மாதத்துக்கு வந்ததைவிட அதிகம்.

உலக மருத்துவர்கள் என்ன சொல்கிறார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015 அக்டோபரில் 10 நாடுகளைச் சேர்ந்த 22 நிபுணர்களை வைத்து 800க்கு மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்தது. பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியாகவும், ஆடு, மாடு, பன்றி ஆகிய சிவப்பு இறைச்சி 'அநேகமாக' உண்டாக்கும் என்றும் சொன்னது. பதப்படுத்திய இறைச்சி தினமும் 50 கிராம் தின்றால் பெருங்குடல் புற்று வாய்ப்பு 18 சதவீதம் கூடும். பேப்பரில் படித்துப் பதற வேண்டாம். நூறு பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடியது ஆறு பேருக்கு வரும் என்பது போல வைத்துக்கொள்ளுங்கள். உப்பிட்டுக் காய வைத்ததும் பதப்படுத்தியதுதான் என்பதால் நம் உப்புக்கண்டமும் அந்தப் பட்டியலில் சேரும். தினமும் 50 கிராம் தின்ன யாரிடம் இருந்தது என்பது வேறு விஷயம். கருகக் கருக வறுக்கும் சுக்கா வகைகளில் வேண்டாத பொருள்கள் அதிகம் உண்டாகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வயதில் இதைவிட உடனடிக் கவலை கொழுப்பு, ரத்தக் குழாய், யூரிக் அமிலம்.

எல்லாரும் ஒத்துக்கொண்டதும் இல்லை. 2019இல் இன்னொரு நிபுணர் குழு, ஆதாரம் பலவீனமாக இருப்பதால் இப்போது சாப்பிடும் அளவிலேயே தொடரலாம் என்றது. 14 பேரில் 11 பேர் அதற்குக் கை தூக்கினார்கள். பெரிய சண்டை ஆகிவிட்டது. உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிதியம் தரும் அளவு, சமைத்த கறியாக வாரத்துக்கு 350 முதல் 500 கிராம்; அதற்கு மேல் வேண்டாம் என்கிறது. அதுவும் உச்ச வரம்புதான், இலக்கு அல்ல. கூறுக்கறிக் கணக்கில் அது ஐந்தாறு தீபாவளி!

ஆனால் 'எல்லாரும் நிறுத்துங்கள்' என்று நான் எழுத மாட்டேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கறியில் உள்ள இரும்புச்சத்து கீரையில் உள்ளதைவிட உடம்பில் நன்றாக ஒட்டும். நம் வீடுகளில் கறி எப்படிப் பங்கு போனது? நல்ல துண்டு ஆண்களுக்கு, ஈரல் வீட்டுத் தலைவருக்கு, கடைசியில் உட்கார்ந்த பெண்களுக்குக் குழம்பும் எலும்பும். தேவைப்பட்டவர்களுக்குப் போகாமல், நெஞ்சு அடைத்தவர்களுக்கே போய்க்கொண்டிருந்தது. மாட்டுக்கறி சாப்பிடும் ஏழை வீடுகளை இளக்காரமாகப் பேசுபவர்களுக்கும் இதைச் சொல்வேன். உழைக்கிற உடம்புக்குக் குறைந்த காசில் அந்தச் சத்துக் கிடைத்த வழி அது.

கிழவர்கள் கறியை விட்டுவிட்டு வெறும் ரசம் சோற்றுக்குப் போவதும் தப்பு. எழுபதுக்கு மேல் சதை தானாகவே கரைகிறது. அந்த இடத்தில் முட்டையோ மீனோ பருப்போ கொண்டைக்கடலையோ வர வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதையும் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள்.

எனக்கு ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இப்போது மாதத்துக்கு இரண்டு ஞாயிறு மட்டும் கறி. அரைக்கிலோவை நாலு பேருக்கு, கொழுப்பை வெட்டி எடுத்துவிட்டு, மிளகு தூக்கலாகக் குழம்பு. மொய் விருந்துக்கு அழைத்தால் போகிறேன், மொய் எழுதுகிறேன், குழம்பை மட்டும் ஊற்றச் சொல்கிறேன். பரிமாறும் பையன்கள் ஏதோ விரதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். வீட்டில் ஈரல் வாங்கினால் அது என் பேத்தி தட்டுக்குப் போகிறது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், ஹீமோகுளோபின் ஒன்பதுதான் இருந்தது. முதலில் முகம் சுளித்தாள். இப்போது மிளகு போட்டு வறுத்தால் கேட்டு வாங்குகிறாள்.