செல்ஃப் எடுக்கலையா? கல்லாப்பெட்டியில் ஆரம்பித்த கதை இது!

முத்துநகர் எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டிய சவாரி. பெட்டி எல்லாம் டிக்கியில் ஏற்றியாகிவிட்டது. டிரைவர் அந்தப் பழைய அம்பாசடரின் சாவியைத் திருப்புகிறார். "டிக்"... அவ்வளவுதான், வேறு சத்தமே இல்லை. மறுபடி திருப்புகிறார், மறுபடியும் "டிக்". மூன்றாவது தடவை ஒன்றுமே நடக்காத மாதிரி ஜம்மென்று ஸ்டார்ட் ஆகிறது. மறுநாள் பட்டறைக்குக் கொண்டுபோனால் பத்துத் தடவையும் ஒழுங்காக எடுக்கிறது. மெக்கானிக் சிரிக்கிறார், டிரைவர் தலையைச் சொறிகிறார்.

தூத்துக்குடியில் பழைய வண்டி வைத்திருக்கும் பலருக்கும் பழகிய காட்சிதான் இது. இந்த "வந்து வந்து போகும்" கோளாறு ஏன் வருகிறது என்று புரிய வேண்டுமானால், நூறு வருடத்துக்கும் மேல் பின்னால் போக வேண்டும். அதுவும் ஒரு கல்லாப்பெட்டிக்கு!

ஆரம்ப காலத்தில் காருக்கு செல்ஃப் கிடையாது. முன்னால் ஹேண்டிலைச் சொருகி, கையால் சுற்ற வேண்டும். சில சமயம் என்ஜின் எதிர்ப்பக்கமாகத் திருப்பி உதைக்கும். மணிக்கட்டு உடைந்தவர்கள் ஏராளம். அதனால்தான் கட்டை விரலை ஹேண்டிலைச் சுற்றி மடக்காமல், மற்ற நாலு விரலோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கச் சொன்னார்கள்.

மின்சார மோட்டாரை வைத்து என்ஜினைச் சுற்றலாமே என்ற யோசனை பலருக்கும் வந்தது. ஆனால் கணக்குப் போட்டால், அதற்கு வண்டியில் வைக்கவே முடியாத அளவுக்குப் பெரிய மோட்டார் தேவைப்படும் என்று தோன்றியது. இந்த முடிச்சை அவிழ்த்தவர் சார்லஸ் கெட்டரிங் என்ற அமெரிக்கர். அவர் அதற்கு முன் வேலை பார்த்தது நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் கம்பெனியில். 1906-ல் அங்கே மின்சாரத்தில் திறக்கும் கல்லாப்பெட்டியை உருவாக்கினார். கல்லா நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை, ஒரு நொடி உதைத்தால் போதும். அந்த ஒரு நொடிக்கு, சின்ன மோட்டாரின் மேல் அதன் சக்திக்கு மீறிய சுமையை ஏற்றலாம். சூடாகிக் கருகுவதற்குள் வேலை முடிந்துவிடும். இதே தந்திரம்தான் காருக்கும் பயன்பட்டது. 1912 மாடல் காடிலாக் கார் செல்ஃப் ஸ்டார்ட்டரோடு வந்தது. ஃபோர்டின் மாடல் டி காருக்கு அந்த வசதி கிடைக்க 1919 ஆகிவிட்டது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குவதும், கயிற்றைப் பிடித்து மேலே இழுப்பதும் முழுக்க மனிதக் கையை நம்பிய தொழில் அது. அதே 1961-ல்தான் சென்னை பாடியில் லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் உருவானது. செல்ஃப் மோட்டார் தமிழ்நாட்டிலேயே தயாராக ஆரம்பித்தது. 1974-ல் தூத்துக்குடி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. முன்பெல்லாம் கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, தோணிகள்தான் சரக்கைச் சுமந்தன. பிறகு கப்பல் கரைக்கே வந்தது, சரக்கு ஏற்ற லாரிகள் வரிசை கட்டின. ஹேண்டில் போய் சாவி வந்தது.

ஆனால் கெட்டரிங்கின் தந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. சின்ன மோட்டார் பெரிய வேலை செய்ய வேண்டுமானால் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். ஒரு காரின் செல்ஃப் சுமார் 150 ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் எங்கோ ஒரு இணைப்பில் 0.02 ஓம் தடை. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் 150-ஐ 0.02-ஆல் பெருக்குங்கள்... 3 வோல்ட் அங்கேயே காலி! 12 வோல்ட் பேட்டரியில் கால்வாசி மோட்டாருக்குப் போய்ச் சேரவே இல்லை. ஹாரனும் லைட்டும் குறைந்த மின்சாரத்திலேயே வேலை செய்வதால் அவற்றுக்கு இது தெரியவே தெரியாது.

இப்போது உப்பளக் காற்றை இதோடு சேர்த்துப் பாருங்கள். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். செம்பில் பச்சை பூக்கும், எர்த் வயர் போல்ட்டுக்கு அடியில் துரு ஏறும். வண்டி அதிரும்போது இணைப்பு ஒருநாள் ஒட்டும், ஒருநாள் விலகும். கோளாறு வந்து வந்து போவதற்கு முக்கியமான காரணம் இதுதான்.

அதனால், மோட்டாரைக் கழற்றும் முன் கோளாறு காட்டும் அந்த நிமிடத்திலேயே கீழே உள்ளதைப் பார்த்துவிடுவது நல்லது. முதலில் வண்டியை நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். லைட் அடியோடு மங்கினால் பேட்டரியையோ அதன் டெர்மினலையோ சந்தேகப்பட வேண்டும். லைட் பிரகாசமாகவே இருந்து சத்தமே வராவிட்டால் சாவி ஸ்விட்ச் அல்லது சோலினாய்டுக்குப் போகும் சின்ன வயர். "டிக்" மட்டும் வந்தால் சோலினாய்டின் உள் முனைகள் கருகியிருக்கலாம். மோட்டாரை லேசாகத் தட்டினால் எடுக்கிறதா? கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். சூடாக இருக்கும்போது மட்டும் மக்கர் பண்ணினால், செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் கூடும் என்பதை நினைவில் வையுங்கள். 50 டிகிரி ஏறினால் சோலினாய்டு காயிலின் தடை 20 சதவீதம் கூடிவிடும்.

வண்டியை கியரில் போட்டு லேசாக முன்னும் பின்னும் அசைத்த பிறகு எடுக்கிறது என்றால் கதை வேறு. நாலு சிலிண்டர் என்ஜின் நிற்கும்போது பெரும்பாலும் ஃபிளைவீலின் இரண்டே இடங்களில்தான் நிற்கும். வருடக்கணக்கில் செல்ஃபின் பல் சக்கரம் அதே பற்களில் மோதி மோதி அவை தேய்ந்துபோகும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நூறு இருநூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று போதும். ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் என்ஜின் உடம்புக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த் வயர்தான். கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினால் வேலை முடிந்தது.

இதைப் பார்க்காமல் புது மோட்டார் வாங்கிப் போட்டவர்கள் எத்தனை பேரோ! புது மோட்டாரை மாட்டும்போது வயர்களைக் கழற்றி இறுக்குவார்கள் இல்லையா, அதிலேயே கோளாறு சில நாள் மறைந்துவிடும். "மோட்டார்தான் கெட்டுப்போயிருந்தது" என்று நம்பிவிடுவோம். அடுத்த மழைக்கு மறுபடியும் "டிக்". செலவுக் கணக்கில் ஆயிரங்கள் ஏறியிருக்கும், தவறு மட்டும் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருக்கும்.

கல்லாப்பெட்டியில் பிறந்த மோட்டார் ஆச்சே... வருகிற வழியில் எங்கே கசிகிறது என்று பார்க்காமல் கல்லாவைக் குறை சொல்லலாமா?